வெளிச்சுவர் பிளக் பாயிண்ட்: மழைக்கு முன் கவனியுங்கள்

வாசலோரம், மொட்டைமாடி, துவைக்கும் கல்லின் பக்கம் என்று வீட்டுக்கு வெளியே ஒரு பிளக் பாயிண்டாவது பலர் வீட்டில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாரும் மின் ஸ்கூட்டரும் விசேஷ நாளின் சீரியல் விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. வீட்டுக்குள் போடும் சாதாரணப் பெட்டியையே அங்கும் பொருத்தி, மழை வந்தால் பாலித்தீன் பையைச் சுற்றிவிடுகிறோம். ஈரச்சுவரும் ஈரத்தரையும் வெறுங்காலும் சேரும் இடத்தில் 230 வோல்ட் உயிரைப் பறிக்கும்.

எம்.சி.பி. மட்டும் போதாது

எம்.சி.பி. ஒயர் சூடாகி எரியாமல் காக்கும் கருவி. பல ஆம்பியர் ஓடினால்தான் அது விழும். ஆளைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். உயிரைக் காப்பது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அதுவும் காப்பாற்றாது.

எர்த் ஒயர் இல்லாத இடத்தில், எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மோட்டாரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறும். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

யார் செய்யலாம்?

பழுதான சுவிட்ச், சாக்கெட் போன்றவற்றை அதே இடத்தில், அதே திறனில் மாற்ற மத்திய மின்சார ஆணைய விதிகள் விலக்கு அளிக்கின்றன. புதிதாக லைன் இழுப்பதும் 6 ஆம்பியர் பாயிண்டை 16 ஆம்பியராக்குவதும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் வேலை. வேலை செய்பவரிடம் மின் கம்பியாள் தகுதிச் சான்று கேட்பது உங்கள் உரிமை.

வாடகை வீடா? தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, உள்ளும் புறமும் உள்ள வயரிங் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவருடையது.

மாற்றும்போது

மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் லைனையும் அணையுங்கள். சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் பேஸ் இருக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்; மின்சாரம் இருக்கும் வேறொரு பாயிண்டில் அந்த டெஸ்டரை முதலில் சோதித்துவிட்டு வாருங்கள். பழைய வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். ஆனாலும் நிறத்தை நம்பி இணைக்காமல் சோதித்தே இணைக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாக்கெட்டை, பிளக் செருகிய நிலையிலும் மூடிக்கொள்ளும் ஐ.பி. 55 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள பெட்டியில் பொருத்துங்கள். ஒயர் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் அதன் வழியே மழைநீர் உள்ளே இறங்கும்.

கோளாறு வந்தால்

சுவரிலோ குழாயிலோ 'சுருக்'கென்று ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மீட்டருக்கு முன்னால் கோளாறு என்று தெரிந்தால் மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போலி ஐ.எஸ்.ஐ. முத்திரையை 'பிஐஎஸ் கேர்' செயலியில் கண்டுபிடிக்கலாம். தரமற்ற பொருளுக்கும் மோசமான வேலைக்கும் ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆகவே ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே வெளிச்சுவர் பாயிண்டையும் ஆர்.சி.சி.பி.யையும் எர்த்தையும் ஒரு தகுதியான ஆளை வைத்துச் சோதித்துவிடுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.