மதுரைத் திட்டமும் நம் வீட்டுப் புத்தகப் பெட்டியும்

தமிழகத்தினின்றும் வெளிப்போந்து வாழும் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் ஆணை வந்தவுடன் முதலில் கட்டப்படுவன பாத்திரங்கள்; இறுதியில் கட்டப்படுவன புத்தகங்கள். கட்டப்படாமலே எடைக்குப் போவனவும் அவையே. பாட்டனார் ஊரிலிருந்து கொண்டுவந்த நூல்கள், தந்தையார் காலத்தில் ஓர் அலமாரியில் இருந்து, நம் காலத்தில் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கி, அடுத்த தலைமுறையில் பழைய தாள் வாங்குவோனுடைய மிதிவண்டியில் ஏறிவிடுகின்றன.

சென்ற கோடையில் நம் சங்க அன்பர் ஒருவர் ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்தார். விடை கூறச் சென்ற நாம், வாசலில் எடைக்கென வைக்கப்பட்டிருந்த கட்டைக் கண்டோம். பழைய நாளிதழ்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பாடநூல்களுக்கும் இடையே கந்தரலங்காரத்திற்கு எழுதப்பெற்ற பழைய உரைநூல் ஒன்று செருகப்பட்டிருந்தது. முகப்பேடு இல்லை. நடுவே சில ஏடுகளும் இல்லை. “இதைப் படிப்பார் யார் ஐயா? என் மகனுக்கோ தமிழ் எழுத்தே தடுமாற்றம்” என்றார் அன்பர். அவர்மீது நமக்குக் குறை கூற ஒன்றுமில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே நிலை! ஆயினும், நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது ஒரு செய்தி நம் உள்ளத்தில் மீண்டும் மீண்டும் எழுந்தது. இத்தகைய நூல்களைத் தேடுவோர் உலகில் இருக்கின்றனர். தேடி, எழுத்தெழுத்தாகப் பெயர்த்து, விலையின்றி யாவர்க்கும் வழங்குவோரும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்தது மிகவும் குறைவு.

மதுரைத் திட்டம் என்பது அப்பணிகளுள் மூத்தது. 1998 ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் அது தொடங்கப்பெற்றது. தொடங்கியவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் ஆய்வு செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள். கணினியில் தமிழை எழுதவும் படிக்கவும் வழி அரிதாயிருந்த நாளிலேயே ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி, விலையின்றி அளித்தவர் அவர். அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அவர்கள் துணைநின்றார். பழந்தமிழ் நூல்களைக் கணினி எழுத்தில் பதிந்து இணையத்தின் வழியே எவர்க்கும் இலவசமாகத் தருவதே நோக்கம். ஊதியம் பெறுவோர் இல்லை, இலாபம் இல்லை. முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். இன்று நூல்களின் எண்ணிக்கை ஐந்நூற்றைக் கடந்து வெகுவாக வளர்ந்துள்ளது. சங்க நூல்களும் காப்பியங்களும் திருமுறைகளும் திவ்வியப் பிரபந்தமும் அங்கே உள்ளன. கடையில் எளிதிற் கிடைக்காத சிற்றிலக்கியங்களும் உள்ளன.

இதனால் பயன் பெறுவோர் யாவர்? டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அலிகர் முசுலிம் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கப்படுகின்றது. அங்கே ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், ஒரு சொல் சங்கப் பாடல்களில் எங்கெங்கு வருகின்றது என்று அறிய விரும்பினால், முன்னாளில் அதற்கென அடைவு தொகுக்கவே ஆண்டுகள் செல்லும். இன்று நூலைத் திறந்து சொல்லைத் தட்டினால் நொடியில் இடம் தெரிகின்றது. செருமனி நாட்டுக் கொலோன் பல்கலைக்கழகத்துத் தமிழறிஞர்கள் தம் ஆய்வுக்காக உரோமன் எழுத்தில் பதிந்து வைத்திருந்த பழந்தமிழ் நூல்கள் பலவற்றை இத்திட்டத்திற்கு வழங்கினர். அவை தமிழ் எழுத்திற்கு மாற்றப்பெற்று வெளியிடப்பட்டன. ஆய்வாளர் தந்தது பொதுமக்களுக்கும், பொதுமக்கள் பதிந்தது ஆய்வாளர்க்கும் பயன்படுகின்ற இக்கொடுக்கல் வாங்கலில் பணம் என்பது எங்கும் குறுக்கிடவில்லை.

இணையத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டால் நூல் கல்வெட்டுப் போல் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருவை ஆக்கிய ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். ஒருவர் ‘க’வை வைத்த இடத்தில் மற்றொருவர் ‘ம’வை வைத்திருப்பார். ஒன்றில் பதிந்த திருவாசகத்தை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். முதலில் பதிந்த நூல்களைத் திசுக்கி என்னும் பொதுக் குறியீட்டிற்கு மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் உலக மொழிகள் அனைத்தையும் தழுவிய ஒருங்குறி பரவவே, மீண்டும் அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஓலைச்சுவடி நைந்துபோகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதனாலன்றோ சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன! கணினிச் சுவடிக்கும் பெயர்த்தெழுதுவார் வேண்டும்; வேறுபாடு யாதெனில், ஓலை சில தலைமுறை பொறுத்திருக்கும், இதுவோ சில ஆண்டுகளே பொறுத்திருக்கும். எனவே, தொண்டர் கூட்டம் மெலிந்தால் நூலகமும் மெலியும்.

தமிழுக்கு இது புதிதன்று. சேலம் இராமசுவாமி முதலியார் 1880 ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபொழுது, தம்மைக் காணவந்த உ. வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவிய வரலாறு நாம் அறிந்ததே. அந்நூல் அச்சேறி வெளிவந்தது 1887 இல். இடையில் சுவடி தேடிய உழைப்பைப் பாராட்டாதார் இல்லை. ஆயின், அச்சுச் செலவுக்காக ஐயரவர்கள் முன்கூட்டியே கையொப்பம் சேர்க்க நேர்ந்ததை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கையொப்பமிட்டோர் அனைவரும் சிந்தாமணியைப் படித்துச் சுவைக்க வல்லவர்களாக இருந்திருக்க வேண்டுவதில்லை. நூல் வெளிவர வேண்டும் என்ற எண்ணம் உடையவர்களாக இருந்தனர்; அது போதுமானதாயிற்று. ‘எனக்குப் புலமை இல்லையே, நான் என் செய்வேன்’ என்று ஒதுங்கும் நம் அன்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இன்று கேட்கப்படுவது பெரும்பாலும் பணமன்று, கண்ணும் பொழுதும். பழைய அச்சுநூலைப் படமெடுத்து எழுத்துணரி என்னும் பொறியிடம் கொடுத்தால், அது எழுத்துகளைத் தானே அடையாளங்கண்டு தருகின்றது. மிக நன்று, ஆனால் பொறிக்குத் தமிழ் தெரியாது. துணைக்காலை ‘ர’ என்று படிக்கும். ‘ழு’வை ‘மு’ என்று படிக்கும். மெல்லிய தாளில் மறுபக்கத்து மை ஊறிய புள்ளியை மெய்யெழுத்தின் புள்ளி என்று மயங்கும். பழைய பதிப்புகளில் அடிகளைப் பிரிக்காது சேர்த்து அச்சிட்டிருப்பின் அதன் தடுமாற்றத்திற்கு அளவே இல்லை. இவற்றையெல்லாம் மனிதர் கண்கொண்டு பார்த்துத் திருத்தினாலன்றி அந்நூலை நம்பி ஓர் ஆய்வாளர் ஒரு வரி எழுதலாகாது.

விக்கிமூலம் என்னும் மற்றொரு தொண்டர் நூலகத்தில் இப்பணிக்கு ஒரு நல்ல முறை வகுத்துள்ளனர். ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நிறம். மெய்ப்புப் பாராத பக்கம் சிவப்பு; ஒருவர் பார்த்துத் திருத்தியது மஞ்சள்; அவரல்லாத வேறொருவர் மீண்டும் சரிபார்த்தது பச்சை. நூலின் படமும் பதிவும் பக்கத்தில் பக்கமாக நிற்கும். ஒருநாளைக்கு ஒரு பக்கம் பார்த்தாலும் பணி நகரும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல அங்கே சிவப்பு நிறத்தில் காத்துக் கிடக்கின்றன.

இங்கே ஒரு யோசனை. அச்சகங்களில் முன்பு மெய்ப்புப் பார்ப்போர் இருவராக அமர்வர். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்துவருவார். நம் வீடுகளில் இதைச் செய்யலாகாதா? பாட்டியார் நூலைக் கையில் வைத்துப் படிக்கட்டும். பெயரன் திரையைப் பார்த்து எழுத்து ஒத்திருக்கின்றதா என்று சொல்லட்டும். இந்தி வழியிலும் ஆங்கில வழியிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ‘ண’கர ‘ன’கர வேறுபாட்டைக் கற்பிக்கச் சங்கத்து ஞாயிறு வகுப்பில் நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். பிழை கண்டுபிடிப்பதில் சிறுவர்க்கு இயல்பாகவே ஒரு மகிழ்ச்சி உண்டு, அதுவும் பெரியவர் பிழையாயின்! நம் வகுப்பில் இருமுறை இதைச் செய்து பார்த்தோம். முதல் முறை ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம் முடிந்தது. இரண்டாம் முறை மூதாட்டி ஒருவர் படித்த பாட்டின் பொருளை விளக்கப் புகுந்துவிட்டார். ஒரு பக்கம்கூட முடியவில்லை. அதற்காக எவரும் வருந்தவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொண்டர் பணி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வது அப்பணிக்கே நன்மையன்று. தொடக்க காலத்தில் ஏற்றப்பெற்ற நூல்கள் சிலவற்றில் எந்தப் பதிப்பைப் பின்பற்றினர் என்ற குறிப்புப் போதிய அளவு இல்லை. பாட வேறுபாடு ஆராய்வோர்க்கு இது பெரிய இடர். அவர்கள் அச்சுப் பதிப்பையே மீண்டும் நாட நேர்கின்றது. எழுத்துப் பிழைகளும் ஆங்காங்கே உள. ஆயினும் பிழை கண்டவர் எழுதித் தெரிவித்தால் அதைத் திருத்த இயலும். அச்சிட்ட நூலில் அது இயலாது. எழுதித் தெரிவிக்கும் அச்சிறு முயற்சியையும் மேற்கொள்ளாமல் ‘இணையத்தில் எல்லாம் பிழை’ என்று மேடையில் முழங்குவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

மற்றொன்று. மதுரைத் திட்டத்து நூல் ஒவ்வொன்றின் தலைப்பிலும், பதிந்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று பெயர் காணப்படும். இத்தலைப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் எடுத்து வழங்கலாம் என்ற ஒரே வேண்டுகோளும் காணப்படும். தொண்டர்க்குக் கிடைக்கும் ஊதியம் அந்தப் பெயர் ஒன்றே. அதனையும் வெட்டிவிட்டுத் தம் உழைப்பே போல் பரப்புவோர் இருக்கின்றனர். நம் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் அன்பர்கள் பாடல்களை அங்கிருந்து எடுத்தால் எடுத்த இடத்தைக் குறிப்பிடுமாறு இனிக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வோம்.

பொருளுதவி வேண்டும் பணிகளும் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை மறவாத ஈழத்துத் தொண்டர்கள் 2005 இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இணைய நூலகம் ஒன்றைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கிச் சேர்த்துவருகின்றனர். படமெடுக்கும் பொறிக்கும் சேமிக்கும் இடத்திற்கும் செலவு உண்டன்றோ; அன்பர்கள் தரும் நன்கொடையால் அது நடைபெறுகின்றது. நம் பொங்கல் விழாவில் போர்த்தப்படும் பொன்னாடைகளுள் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டால் எவர்க்கும் குளிர் எடுத்துவிடாது. இதைச் செயற்குழுவில் சொன்னபோது சிலர் சிரித்தனர், சிலர் முகம் சுளித்தனர். தீர்மானம் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

வெளியூர்த் தமிழர் கையில் அரிய நூல் இருத்தல் வியப்பன்று. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூற்சேகரிப்பு இன்று கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில்தான் இருக்கின்றது. பெரியோர் தொகுத்தது அரசு நூலகத்தை அடைந்துவிடும். எளியோர் வீட்டுப் பெட்டியில் உள்ளதற்கு நாமே பொறுப்பு.

இனி அந்தக் கந்தரலங்கார உரைக்கு வருவோம். அதைப் பதிந்து அனுப்பலாம் என்று ஆர்வத்துடன் அமர்ந்த நமக்குத் தடை ஒன்று ஏற்பட்டது. இந்நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் நூல் பொதுவுடைமையாகும். அருணகிரிநாதர் பாடலுக்குத் தடையில்லை, உரைக்கு உண்டு. முகப்பேடு கிழிந்துபோனதால் உரையாசிரியர் பெயரும் இல்லை, அச்சிட்ட ஆண்டும் இல்லை. ஓர் ஏடு போனதால் நூல் முழுவதும் கட்டுண்டு கிடக்கின்றது.

நூல் இப்போது நம் சங்க நூலகத்து மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. சிறிய அளவு, மஞ்சள் நிறத் தாள், 57 ஆம் பக்கம் முதல் 64 ஆம் பக்கம் வரை இல்லை. பதவுரையும் விசேடவுரையும் தனித்தனியே அமைந்தவை. இதன் மற்றொரு படி உங்கள் பெட்டியிலோ, ஊரிலுள்ள உறவினர் வீட்டுப் பரணிலோ இருக்கக்கூடும். முகப்பேட்டை மட்டுமேனும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் போதும். ஞாயிறு காலை பத்து மணிமுதல் நூலகம் திறந்திருக்கும். கொண்டுவருவோர் நூலை அன்றே திரும்ப எடுத்துச் செல்லலாம்.