இரைச்சலும் சங்கீதமா?

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு இரைச்சல் புதிது அல்ல. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ராட்சதச் சக்கரம் மண்ணை வாரும். கன்வேயர் பெல்ட் கடகடவென்று ஓடும். இப்படிப்பட்ட சத்தத்தை யாராவது டிக்கெட் வாங்கிக் கேட்பார்களா?

கேட்கிறார்கள்!

ஜப்பானில் மசாமி அகிதா என்று ஒருவர். 1979-ம் ஆண்டில், "மெர்ஸ்பவ்" என்ற பெயரில் இந்தத் தொழிலில் இறங்கினார். பாட்டு இல்லை, ராகம் இல்லை. மின்சாரக் கருவிகளின் கரகரப்பும் கிறீச்சும்தான் கச்சேரி! ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது "கொர்ர்" என்று வருமே, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

யார் இந்த பாண்டி?

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் அடிப்பவர் பலாஜ் பாண்டி. மதுரைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹங்கேரி நாட்டுக்காரர்! இயந்திரம் அலற அலற, இவர் விடாமல் அடிப்பார்.

காது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நம் உறுமியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். மறுபக்கம் அடிக்கிறார்கள். தேய்ப்பில் எழுவது வெறும் உறுமல். அடி சேர்ந்ததும் சாமியே வந்துவிடுகிறது! ஜப்பான்காரர் மின்சாரத்தில் செய்வதை, நம் ஊர்க் கலைஞர்கள் தோலில் செய்கிறார்கள்.

ஆலைச் சத்தமும் இசைதான் என்று 1913-ம் ஆண்டிலேயே அறிக்கை விட்டவர், இத்தாலியைச் சேர்ந்த லூயிகி ருஸ்ஸோலோ. கைப்பிடியைச் சுற்றினால் உறுமும் பெட்டிகளைச் செய்து, 1914-ல் மிலான் நகரில் கச்சேரி வைத்தார். அரங்கில் ஒரே அடிதடி!

ஆமதாபாத்தில் ஒரு பெண்மணி

நம் நாட்டிலும் மின்சாரச் சத்தத்தில் இசை அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் கீதா சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி.

இவர் பக்கவாஜ் வாசித்தவர். அது வடநாட்டு மிருதங்கம். பெண்கள் அதை வாசிப்பது மிக அபூர்வமாக இருந்த காலம் அது!

1969-ல் ஆமதாபாத் தேசிய டிசைன் கழகத்துக்கு "மூக்" என்ற மின்சார இசைக் கருவி வந்தது. பெட்டி நிறையத் திருகுகள், ஒயர்கள். அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை அமைத்துக் கொடுத்தார். தோலைத் தட்டிப் பழகிய கீதாவின் கை, திருகைத் திருப்பிப் புது ஒலிகளை எழுப்பியது.

சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்தது. ஒலி நாடாக்கள் கழகத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டனைச் சேர்ந்த பால் புர்காஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார். 2023-ல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன.

அதைக் கேட்க கீதா இல்லை. 2011-ல் காலமாகிவிட்டார்.