மவுத்பீஸைக் கழுவினீங்களா?

(எழுதியது: பேண்டு குழு மாணவன், 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு)



சுதந்திர தின அணிவகுப்புக்கு மூணு நாள் இருக்கும்போது எங்க பேண்டில் முதலில் ஒருத்தனுக்குத் தொண்டை வலி. மறுநாள் இன்னும் ரெண்டு பேருக்கு. அதற்கடுத்த நாள் எனக்கும் காய்ச்சல். நாலு பேரும் ஊதினது ஒரே பியூகிள். ஒருத்தர் ஊதி முடிச்சதும் சட்டை நுனியில் துடைச்சு அடுத்தவர் கையில் கொடுப்போம். அதுதான் எங்க 'சுத்தம்'! அன்றைக்கு கொடியேற்றத்தில் ஒரே ஒரு பியூகிள் மட்டும் ஒலித்ததை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

ஊதும்போது உள்ளே போவது எச்சில் மட்டும் இல்லை. நம்ம மூச்சுக்காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் தண்ணீராக மாறுகிறது. கண்ணாடியில் 'ஹா'ன்னு ஊதினால் பனி படியுமே, அதே கதை. அந்த ஈரத்தோடு எச்சிலும் சாப்பாட்டுத் துணுக்கும் சேர்ந்து உள்சுவரில் வழவழன்னு படிகிறது. டிபன் முடிச்சு வாய் கொப்பளிக்காம வாசிக்க வர்றவங்க (நானும்தான்!) அதற்கு நல்லா தீனி போடுகிறோம்.

அமெரிக்காவில் டிராம்போன் வாசிக்கும் ஒருவருக்கு 15 வருடமாக இருமல். என்ன மருந்துக்கும் நிற்கவில்லை. வாசிக்காமல் இருந்த நாட்களில் மட்டும் இருமல் குறைந்தது. சந்தேகப்பட்டு அவருடைய வாத்தியத்தைச் சோதித்தால், உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும்! வாத்தியத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஆரம்பித்ததும் இருமல் போய்விட்டது. 2010-இல் மருத்துவ இதழில் வந்த விஷயம் இது. 15 வருஷம்! நம்மில் பலருக்கு வயசே அவ்வளவுதான்.

"பித்தளை கிருமியைக் கொல்லுமே, பாட்டி பித்தளைக் குடத்தில்தானே தண்ணி வைப்பாங்க?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. செம்பு கலந்த உலோகத்துக்கு அந்தக் குணம் உண்டுதான். ஆனால் அதற்குச் சில மணி நேரமாவது வேணும். நாம் கொடுப்பது அரை நிமிஷம். மேலும் பெரும்பாலான மவுத்பீஸுக்கு மேலே வெள்ளி முலாம், அதற்கும் மேலே நம்ம அழுக்கு. பித்தளை எங்கே கிருமியைத் தொடும்?

சரி, எப்படிக் கழுவுவது? மவுத்பீஸைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான தண்ணியில் பாத்திரம் கழுவும் சோப்புநீர் ரெண்டு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் ஊற வையுங்கள். விளிம்பையும் கிண்ணம் போன்ற பகுதியையும் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்கணும். உள்ளே குறுகலாக ஒரு துளை இருக்கும். டிரம்பெட்டில் அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான். அழுக்கு ஒளிந்திருப்பது அங்கேதான். அதற்கென்று தனி பிரஷ் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளின் பால்புட்டி நிப்பிள் கழுவும் சின்ன பிரஷ் வாங்கலாம். எங்களிடம் இருப்பது அதுதான். கம்பி, காம்பஸ் முனை எல்லாம் விட்டுக் குடையாதீங்க. கீறல் விழுந்தால் அதுவே அழுக்குக்கு வீடு, சத்தமும் கெடும்.

சோப்பு போட்ட பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேலேயே ஸ்பிரிட் தெளித்தால் அடியில் இருக்கிற கிருமி பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் உலோக மவுத்பீஸைத் துடைத்து, தானாகக் காயவிட்டு, கடைசியில் நல்ல தண்ணியில் அலசுங்கள். சுத்த ஆல்கஹாலை விட 70 சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். ஏனென்றால் கிருமியின் புரதத்தைக் கெடுக்கத் தண்ணீரும் வேண்டும். சுத்தமானது சீக்கிரம் ஆவியாகியும் விடும். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கிளாரினெட் கதை வேறு. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் கறுப்பு மவுத்பீஸ் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். எங்க குழுவில் ஒருத்தர் (பேர் சொல்லமாட்டேன், அடிப்பார்) "கொதிக்கிற தண்ணியில போட்டா எல்லா கிருமியும் காலி"ன்னு போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தால் கறுப்பு போய் பாசி மாதிரி பழுப்புப் பச்சை, கூடவே பட்டாசு வெடிச்ச வாசனை! வாசிக்க முடிகிறது, ஆனால் நிறம் திரும்பவில்லை. இதற்குக் குளிர்ந்த தண்ணி, கொஞ்சம் சோப்பு போதும். கார்க் சுற்றிய பக்கத்தை நனைக்கக் கூடாது. வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் தண்ணி கலந்த வினிகரில் பஞ்சை நனைத்துத் துடைக்கலாம். ரீடை வாசித்ததும் கழற்றித் துடைத்துக் காய வைக்கணும். அதை மட்டும் யாருக்கும் கடன் கொடுக்காதீங்க. அது மூங்கில் மாதிரி ஒரு நாணல். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது.

இன்னொன்று. பியூகிளின் உடம்பைப் பளபளவென்று தேய்க்கிற பிராசோவை மவுத்பீஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாயில் வைக்கிற பொருள் அது. விளிம்பில் முலாம் தேய்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் சிலருக்கு உதடு எரியும், மாஸ்டரிடம் காட்டுங்கள். இறுகிக்கொண்டால் குறடு போடாதீங்க, குழாய் முறுக்கிக்கொள்ளும். மாஸ்டரிடமே கொடுத்துவிடுங்கள். உதட்டில் கொப்புளம், காய்ச்சல், தொண்டை வலி இருந்தால் அன்றைக்கு டிரம் பக்கம் போய்விடலாம். யாரும் திட்டமாட்டார்கள்.

இப்போது ஆளுக்கொரு மவுத்பீஸ் என்று முடிவாகியிருக்கிறது. பதினோரு பேருக்கு ஏழுதான் இருக்கிறது. மீதி நாலு வரும்வரை, கை மாறும்போதெல்லாம் சோப்புத் தண்ணி உண்டு. வெள்ளிக்கிழமை 4 மணிக்கு குழாயடியில் மொத்தமாகக் கழுவுகிறோம். வாளி ஒன்றுதான், வீட்டில் பழைய பிளாஸ்டிக் டப் இருக்கிறவங்க பேண்டு அறையில் கொண்டுவந்து கொடுங்க, ப்ளீஸ்.