நாவறிந்த நிலம் – 14: போகிப் புகையும் கருப்பட்டியும்

சென்ற வாரம் உடன்குடியில், பதநீர் காய்ச்சும் விறகடுப்பின் முன்னால் நின்றிருந்தோம். அந்தப் புகையும் இனிப்பும் இந்த வாரம் ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டு, தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கே வந்துவிட்டன.

நண்பர் கொண்டுவந்தது 'ஆர்ட்பெக் டிரம்'. ஐலா தீவின் ஆர்ட்பெக் வடிசாலை 2019-ல் வெளியிட்ட விஸ்கி. 46 சதவீத ஆல்கஹால். பூர்பன் பீப்பாயில் முதிர்ந்தபின் ரம் ஊறிய பீப்பாய்க்கு மாறியது. மழை விட்ட மார்கழிச் சாயங்காலம், மொட்டை மாடியில் ஆளுக்கு 30 மில்லி ஊற்றிக்கொண்டோம். அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டியிருக்கவில்லை.

"தார், கடல்பாசி, அன்னாசி தெரிகிறதா?" என்றார் நண்பர். விஸ்கி ருசிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்கள். என் மூக்குக்கு முதலில் தட்டுப்பட்டது பினாயில்.

அதற்குக் காரணம் உண்டு. ஐலாவின் நிலத்தடியில் கிடப்பது பீட். செடிகொடிகள் நீரில் அமிழ்ந்து, காற்றுப் படாமல் அரைகுறையாக மக்கிப் படிந்த கறுப்பு மண் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதை வெட்டிக் காயவைத்து எரித்து, முளைகட்டிய வாற்கோதுமையை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள்; அதுதான் மால்ட். புகையிலுள்ள பீனால், கிரெசால், குவையகால் எல்லாம் ஈரத் தானியத்தின் தோலில் ஏறிக்கொள்கின்றன. வடித்த பிறகும் விடுவதில்லை. ஆர்ட்பெக்கின் மால்ட்டில் இவை பத்து லட்சத்தில் சுமார் 55 பங்கு. கறுப்புப் பினாயிலில் இருப்பதும் இதே குடும்பம்தான். 1928-ல் தொடங்கிய தாம்பரம் காசநோய் சானடோரியத்தை அறிந்த மூக்கு, கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை நினைக்காமல் என்ன செய்யும்?

நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நீர் கலந்தால் குவையகால் மேற்பரப்புக்கு ஏறிவரும் என்று 2017-ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டினார்கள். எனக்கு ஏறிவந்தது போகி விடியல்: பனியோடு கலந்த பழம்பாய்ப் புகை. பிறகு மெதுவாக ரம் பீப்பாயின் முறை. கருப்பட்டிப் பாகு, கனிந்த பூவன்பழம். கரும்பின் மொலாசஸிலிருந்து வடித்த ரம் ஓக் மரத்தின் நரம்புகளில் தங்கியிருந்து, அடுத்து வந்த விஸ்கிக்குத் தன் இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

பெங்களூரின் அம்ருத் வடிசாலை தன் 'ஃப்யூஷன்' விஸ்கிக்கு ஸ்காட்லாந்தின் பீட் புகை ஏறிய வாற்கோதுமையையும் இந்திய வாற்கோதுமையையும் சேர்க்கிறது. தானியமும் புகையும் கடல்தாண்டி வரலாம். அவற்றின் ருசிக்குப் பெயர் வைக்க வேண்டியது அவரவர் நாக்கு. நான் தொட்டே பார்க்காத கடல்பாசியை என் கிண்ணத்தில் தேடினால், அதில் நிஜமாகவே இருக்கும் கருப்பட்டியைத் தவறவிட்டிருப்பேன். நண்பரிடம் பூவன்பழத்தைச் சொன்னேன். மறுபடி முகர்ந்து பார்த்தார். "ஆமாம்ப்பா, எங்க ஆச்சி வீட்டுப் பரண்ல பழுக்க வச்ச தாரு" என்றார். அதன்பின் அவர் அன்னாசியைச் சொல்லவே இல்லை.

பீட் நமக்கும் அந்நியமில்லை. நீலகிரியின் உயர்மலைச் சதுப்புகளில் அது படிந்துகிடக்கிறது. அதைத் தோண்டி, 20,000 ஆண்டுகளின் பருவமழைக் கதையை ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-ல் படித்துச் சொன்னார்கள். எரிக்கப்படாத அந்த மண்ணை முகர அடுத்த வாரம் மலையேறுவோம்.

(தொடரும்)