பாறை ஏறப் போகிறவர் பையில் எந்தக் கத்தி?

தீர்த்தமலை, வத்தல்மலை என்று மலைகளுக்கும் பாறைகளுக்கும் குறைவில்லாத மாவட்டம் தருமபுரி. கயிறு கட்டிப் பாறை ஏற ஆசைப்படும் இளைஞர்கள் ஹெல்மெட்டையும் கயிற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கத்தி மட்டும் கையில் கிடைத்ததாக இருக்கும்.

2003-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆரன் ரால்ஸ்டனின் வலது கை பாறைக்கு அடியில் சிக்கியது. ஐந்து நாள் தவித்தவர், மழுங்கிய மலிவுக் கத்தியால் தன் கையையே அறுத்துக்கொண்டுதான் உயிர் பிழைத்தார். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படம் இந்தக் கதைதான்.

கத்தி மழுங்கினால் ஆபத்து. தானாகத் திறந்துகொண்டால் அதைவிட ஆபத்து. ஆளின் எடையில் விறைத்து நிற்கும் நைலான் கயிறு, கூரான கத்தி லேசாகப் பட்டாலே அறுந்துவிடும்.

வாங்கும்போது கவனிக்க:

* மடக்கினால் இறுக மூட வேண்டும். விரித்தால் 'லாக்' ஆக வேண்டும்.

* ஒரே கையால் திறக்க வரவேண்டும். மறுகை பாறையைப் பிடித்திருக்கும்.

* இடுப்புப் பட்டையில் காராபினரில் கோத்து மாட்ட, கத்தியில் துளை இருக்க வேண்டும்.

* கையளவுக் கத்தி போதும். அலகில் பாதி ரம்பப்பல்லாக இருந்தால் கயிறு, நாடா சீக்கிரம் அறுபடும்.

* துருப்பிடிக்காத எஃகு நல்லது. கிளம்பும் முன் பழைய கயிற்றுத் துண்டில் அறுத்துப் பார்க்கவும்.

இறங்கும் கருவியில் தலைமுடியோ சட்டையோ சிக்கினால், முதலில் உடல் எடையை வேறு பிடிமானத்துக்கு மாற்ற வேண்டும். அதன்பிறகே கத்தி. அறுக்கும் முன், தன்னைத் தாங்கும் கயிறு எது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.