ஒரு அண்டா சாம்பாரில் ஒரு மிளகாய்

‘பிரபஞ்சத்தையே கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிவிட்டார்களாமே, அப்படியானால் நாமும் யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறோமா?’ என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் பின்பாதியைச் சினிமாக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன். முன்பாதிக்குப் பதில்: இல்லை, உருவாக்கவில்லை. யூடியூபில் ஊதா நிற இழைகள் பின்னிப் பிணைந்து நடுவே ஆரஞ்சு வெடிப்புகள் கிளம்புமே, அந்த நிறங்கள்கூட யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. ஆனால் அந்த வெடிப்புகளை உள்ளே கொண்டுவர எவ்வளவு தகிடுதத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பது தலைப்புச் செய்திகளைவிடச் சுவாரசியமான கதை.

அந்த வீடியோக்களில் பலவற்றின் பின்னால் இருப்பவர் வோல்கர் ஸ்பிரிங்கல். ஜெர்மானியர். மியூனிக்கில் சைமன் ஒயிட்டிடம் ஆராய்ச்சி செய்து 2000-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். மாணவராக இருந்தபோதே ‘கேட்ஜெட்’ என்ற சிமுலேஷன் புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்டார். பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட்டுடன் கூட்டு. இருவருக்கும் 2020-இல் அண்டவியலுக்கான குரூபர் பரிசு கிடைத்தது. இப்போது மியூனிக்கை ஒட்டிய கார்ச்சிங்கில், மேக்ஸ் பிளாங்க் வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர்.

வரலாறு ஒரு பத்தியாவது இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். கேலக்ஸிகளின் முதல் சிமுலேஷன் கணினியிலேயே நடக்கவில்லை. 1941-இல் ஸ்வீடனின் லுண்டில் எரிக் ஹோல்ம்பெர்க் ஒரு கேலக்ஸிக்கு 37 மின்விளக்கு வீதம் இரண்டு கேலக்ஸிகளை மேஜைமேல் பரப்பினார். ஒளியும் ஈர்ப்பைப் போலவே தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைவதால், ஒளிமானியை வைத்து ஈர்ப்பைக் கணக்கிட்டு, விளக்குகளைக் கையாலேயே நகர்த்தினார். 1985-இல் ஒயிட் உள்ளிட்ட நால்வர் குழு 32,768 துகள்களை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே வெளிப்படும் கரும்பொருள் எப்படித் திரளும் என்று கணக்கிட்டது. 2005-இல் ஸ்பிரிங்கலின் ‘மில்லினியம்’ சிமுலேஷனில் துகள்கள் ஆயிரம் கோடி. 512 பிராசஸர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் விடாமல் ஓடின. வரலாறு முடிந்தது.

மில்லினியத்தில் இருந்தது கரும்பொருள் மட்டும், அதாவது ஈர்ப்பு மட்டும். ஈர்ப்பு எப்போதும் இழுக்கும், ஒருபோதும் தள்ளாது. கணக்கு பெரிது, ஆனால் நேர்மையான கணக்கு. வம்பு வாயுவைச் சேர்த்ததும் ஆரம்பிக்கிறது.

வாயு வெப்பத்தை ஒளியாக உமிழ்ந்து குளிரும். குளிர்ந்தால் அழுத்தம் குறைந்து மையத்தில் விழும், விழுந்தால் நட்சத்திரமாகும். இந்த விதிகளை மட்டும் கொடுத்து ஓட்டினால், வாயுவில் பெரும்பகுதி மடமடவென்று நட்சத்திரமாகிவிடுகிறது. கிடைக்கும் கேலக்ஸிகள் கட்டையாக, குண்டாக, வானத்தில் எங்குமே பார்த்திராத மாதிரி இருக்கின்றன. நிஜத்தில் நம் பால்வீதியைப் போன்ற கேலக்ஸிகள்தான் இந்த வேலையில் கெட்டிக்காரத்தனமானவை. அவையே பங்குக்குக் கிடைத்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நட்சத்திரமாக்கியிருக்கின்றன. மீதியை யாரோ தடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதில் பெரிய சண்டை இல்லை. கனமான நட்சத்திரங்கள் சூப்பர்நோவாவாக வெடிக்கின்றன, சுற்றியுள்ள வாயு சூடாகி வெளியே தள்ளப்படுகிறது. சரி, அந்த ஆற்றலைக் கணினியில் சேர்த்தால் போயிற்று. சேர்த்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. போட்ட வெப்பம் போட்ட சுவடு தெரியாமல் மறைந்தது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கல்யாண வீட்டில் ஓர் அண்டா சாம்பாரில் ஒரே ஒரு மிளகாயை அரைத்துக் கலக்குங்கள். பந்தியில் ஒருவருக்கும் உறைக்காது. அதே மிளகாயை ஒருவர் மட்டும் கடித்தால் இலையை விட்டு எழுந்து, பக்கத்தில் இருப்பவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். இயற்கையில் நடப்பது இரண்டாவது: சூப்பர்நோவா தன்னை ஒட்டிய கொஞ்சம் வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குக் காய்ச்சுகிறது. ஆனால் கணினியின் கண்ணுக்குத் தனி விருந்தாளி தெரியமாட்டார், அண்டாதான் தெரியும். இத்தகைய சிமுலேஷன்களில் வாயுவின் மிகச் சிறிய கட்டியே சுமார் 10 லட்சம் சூரியன்களின் எடை. அவ்வளவு வாயுவிலும் ஒரு சூப்பர்நோவாவின் ஆற்றலைச் சமமாகப் பரப்பினால் வெப்பம் சில ஆயிரம் டிகிரிதான் ஏறும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று போதாவிட்டால் நூறு வெடிக்கட்டுமே என்றால், அங்கேதான் இயற்பியல் காலை வாருகிறது. மிதமான சூடுதான் சீக்கிரம் ஆறும், கடும் சூடு ஆறாது. லட்சம் டிகிரி வாக்கில் இருக்கும் வாயுவில் பல அணுக்களிடம் இன்னும் எலக்ட்ரான்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அணுக்கள் மோத மோத அந்த எலக்ட்ரான்கள் மேல்மட்டத்துக்கு ஏறி இறங்கி, ஒளியை உமிழ்ந்து ஆற்றலைக் காலி செய்துவிடும். கோடி டிகிரியில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு போய்விடுவதால் ஒளி உமிழும் வழி பெரிதும் அடைபட்டுப்போகிறது. சூடான வாயு விரிந்து அடர்த்தியும் குறைந்தால், ஆறுவதற்குப் பல கோடி ஆண்டுகள் ஆகும். இலேசாக உறைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடரலாம். உச்சி மண்டைக்கு ஏறிய பிறகு தண்ணீரால் என்ன செய்ய முடியும்?

ஆகவே ஏமாற்று வேலை தேவைப்பட்டது. டர்ஹாம், லைடன் பல்கலைக்கழகங்களை மையமாகக் கொண்ட ‘ஈகிள்’ குழு சீட்டுக் குலுக்கியது. பல அண்டாக்களுக்கு உரிய மிளகாயைச் சேர்த்துவைத்து, குலுக்கலில் வந்த ஒரே அண்டாவில் மொத்தத்தையும் கொட்டு. அந்த வாயுக் கட்டியின் வெப்பம் 3 கோடி டிகிரி ஏறட்டும். பந்தியில் அந்த வரிசை முழுக்க எழுந்து ஓடும். (இந்த ஈகிள் குழு பயன்படுத்தியதும் ஸ்பிரிங்கலின் கேட்ஜெட்டைத் திருத்திய வடிவத்தைத்தான்.) ஸ்பிரிங்கலும் ஹெர்ன்குவிஸ்ட்டும் 2003-இல் பிடித்த வழி இன்னும் துணிச்சலானது. மிளகாயே வேண்டாம், ஆளைத் தூக்கி மண்டபத்துக்கு வெளியே எறி! கொஞ்சம் வாயுவை நேரடியாக வேகம் கொடுத்துக் கிளப்புவார்கள். கூட்டம் குறைந்த இடத்தை அடையும்வரை அது வேறு எந்த வாயுவோடும் உரசாமல் பேய் மாதிரி கடந்துபோகும், ஏனென்றால் புரோகிராமில் அப்படி எழுதியிருக்கிறது.

பெரிய கேலக்ஸிகளுக்கு இதுவும் போதாது. அங்கே மையத்துக் கருந்துளைதான் தலைமைச் சமையல்காரர். சாமான் வர வர மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டுத் தாளித்துக்கொண்டே இருக்கிறார். நெடி தாங்காமல் மண்டபமே இருமிக்கொண்டு காலியாகிறது. சாமான் கொண்டுவரவும் ஆளில்லாமல் தாளிப்பு நிற்கிறது. நெடி அடங்கியதும் ஆட்கள் திரும்புகிறார்கள், மறுபடி சாமான், மறுபடி நெடி. டிசியானா டி மட்டேயோ, ஸ்பிரிங்கல், ஹெர்ன்குவிஸ்ட் மூவரும் 2005-இல் இதைச் செய்து காட்டினார்கள். கருந்துளை உமிழும் ஆற்றலில் 5 சதவீதம் வாயுவைச் சூடாக்குவதாக வைத்துக்கொண்டார்கள். அதென்ன 5 என்று கேட்டால், கருந்துளையின் எடைக்கும் கேலக்ஸிக்கும் இடையே வானத்தில் காணப்படும் விகிதம் அப்போதுதான் சரியாக வந்தது.

இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். வாயுவின் ஓட்டம் சம்பந்தப்பட்டவரை வேலை சுத்தமாகவே நடந்திருக்கிறது. அதற்காகவே ஸ்பிரிங்கல் 2010-இல் ‘அரெப்போ’ என்ற இன்னொரு புரோகிராமை எழுதினார். வெளியைக் கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கட்டங்களின் சுவர்களே வாயுவோடு சேர்ந்து நகரும்படி செய்தது அது. ஆனால் நட்சத்திரம் பிறப்பதும் வெடிப்பதும் கட்டத்தைவிடச் சிறிய விவகாரம். அங்கே எண்களைத் திருகித்தான் ஆக வேண்டும். இன்றுள்ள கேலக்ஸிகளின் எண்ணிக்கை சரியாக வரும்வரை திருகிவிட்டு, ‘எண்ணிக்கை சரியாக வந்தது பாருங்கள்!’ என்று பத்திரிகைச் செய்தி கொடுப்பதைத்தான் சகிக்க முடியவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆதிகாலத்தில் பெரிய கேலக்ஸிகளைப் பார்த்ததும் ‘பெருவெடிப்புக் கொள்கை தகர்ந்தது’ என்று எழுதியவர்களும் இதே ரகம். திருகப்பட்ட எண்கள் எத்தனை என்று தெரிந்திருந்தால், கொள்கைக்கு முன்னால் அவற்றைச் சந்தேகித்திருப்பார்கள்.

திருகாத விஷயம் என்ன சொல்கிறது என்பதில்தான் பரீட்சை. அரெப்போவில் ஓடிய ‘இலஸ்ட்ரிஸ்’ 2014-இல் வந்தபோது சுருள் கேலக்ஸிகளின் படங்கள் உலகம் சுற்றின. கூடவே ஒரு குறையும் தெரிந்தது: கருந்துளையின் நெடி அளவு மீறி, பெரிய கேலக்ஸிக் கூட்டங்களிலிருந்து வாயுவை வெகுவாக விரட்டியிருந்தது. 2018-இல் வெளிவந்த ‘இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி’யில் அதை மாற்றி எழுதினார்கள். நட்சத்திரக் கணக்கில் டிஎன்ஜியும் ஈகிளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. விரட்டப்பட்ட வாயு இப்போது எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

அந்த வாயு மிக மெலிதானது, நேராகப் பார்ப்பது கஷ்டம். ஆனால் பெருவெடிப்பின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணி நுண்ணலை அதன் ஊடே வரும்போது நகரும் எலக்ட்ரான்களில் பட்டு இம்மியளவு மாறும். சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து செய்த நுண்ணலை அளவீடுகளையும் லட்சக்கணக்கான கேலக்ஸிகளின் இருப்பிடப் பட்டியலையும் சேர்த்து 2024-இல் கணக்குப் பார்த்தார்கள். வாயு டிஎன்ஜி சொல்வதைவிட அகலமாகப் பரவிக் கிடக்கிறதாம். அளவு மீறி விரட்டுகிறது என்று ஒதுக்கிவைத்த பழைய இலஸ்ட்ரிஸுக்குத்தான் அது சற்று நெருக்கமாக இருக்கிறது.