உழைப்பு நம்மது, லாபம் காப்பியடிப்பவருக்கா?

கைவினைப் பொருள் விற்கும் நம்மவர்கள் பலர், டிசைனை யாராவது திருடினால் மனம் நொந்து கடையையே மூடிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பிரிட்டன் சட்டத்தில் நமக்கு வழி இருக்கிறது.

லண்டனில் என் மனைவி செய்யும் சுடுமண் ஜிமிக்கியை வேறொரு ஆன்லைன் கடை பாதி விலைக்குப் போட்டது. படம்கூட இவர் எடுத்ததுதான்! "இனி எதுக்கு இந்த வேலை?" என்று உட்கார்ந்துவிட்டார்.

நாம் எடுத்த படத்துக்குக் காப்புரிமை தானாகவே உண்டு, பதிவு தேவையில்லை. அசல் ஃபைலைக் காட்டி விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தோம், படத்தை நீக்கினார்கள். ஆனால் நகை புதுப் படத்தோடு திரும்ப வந்தது.

நகையின் வடிவத்தைக் காக்க டிசைன் பதிவு செய்யலாம். முதலில் வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால், பிரிட்டனுக்குள் 25 வருடம் வரை பாதுகாப்பு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஜிமிக்கி நம் பாட்டிமார் காலத்துச் சொத்து, அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. அதில் நீங்கள் புதிதாகச் சேர்த்ததுதான் உங்களுடையது.

எல்லாவற்றையும் பதிய வேண்டாம். நன்றாக விற்பதை மட்டும் பதியுங்கள். இன்ஸ்டாகிராமில் படம் போடும் அன்றே தேதியைக் குறித்து வையுங்கள். அந்த 12 மாதம் சும்மா ஓடிவிடும்.